வந்தவர் வீட்டை விட்டுப் போக மறுத்தால்: வன்னியில் சட்டப்படி செய்யக்கூடியது

கனடாவில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. வட்டக்கச்சியில் அவருடைய தாயார், வயது 68, கணவரை இழந்தவர், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தாயாரின் தமையனுடைய மகன், கிளிநொச்சியில் வேலை கிடைத்திருக்கிறது, "மூன்று மாதம் நின்றுவிட்டுப் போகிறேன் மாமி" என்று சொல்லி ஒரு பையுடன் வந்தார். பின்னர் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டார். இப்போது இரண்டு அறைகளும் அவர்கள் கையில். தாயார் விறாந்தையில் படுக்கிறார். போகச் சொன்னால், "இது அப்பப்பாவின் காணி, எனக்கும் பங்கு இருக்கிறது, ஏலுமென்றால் கோட்டுக்குப் போங்கள்" என்கிறார். காணி எல்.டி.ஓ. பேமிற் காணி (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி), தாயாரின் தகப்பனாருக்குப் பிறகு தாயாரின் பெயருக்கு மாறியிருக்கிறது. ஆட்களைப் பிடித்துச் சாமான்களை வெளியே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார் மகள்.

வெளியேற்றலாம். சொல்லப்பட்ட விவரங்கள் சரியாக இருந்தால் உரிமை உங்கள் தாயாரின் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் வெளியேற்றுகிற கை நீதிமன்றத்தின் கையாக இருக்க வேண்டும். உங்களுடைய கையாகவோ, நீங்கள் காசு கொடுத்துப் பிடிக்கும் நாலு பேருடைய கையாகவோ இருக்கக் கூடாது. வவுனியாவிலும் பின்னர் கிளிநொச்சியிலும் காணி வழக்குகளைப் பேசிவரும் சட்டத்தரணி என்ற வகையில் நான் கண்டது, இப்படியான வழக்குகள் கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுமை இழந்த ஏதோ ஒரு நாளில்தான்.

முதலில் உங்கள் தாயாருக்கு ஒன்றைச் சொல்லுங்கள். அவர் ஏமாந்துபோனதாக எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, அதன் பின் பல்லாயிரம் குடும்பங்கள் கிளாலியைக் கடந்து வன்னிக்குள் வந்தபோது, இங்கே ஒரு மண்வீட்டில் மூன்று குடும்பங்கள் இருந்தன, மாட்டுக்கொட்டிலைக் கழுவிப் பாய் விரித்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். யாரும் யாரிடமும் கடதாசி எழுதி வாங்கவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் தாயாரும் தமையனின் மகனுக்குப் படலையைத் திறந்துவிட்டார். எழுத்து ஒன்றும் இல்லாமல் இடம் கொடுத்ததால் அவருடைய உரிமை போய்விடவில்லை.

சட்டம் இப்படியான ஒருவரை எப்படிப் பார்க்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும். வாடகை இல்லாமல், வீட்டுக்காரரின் விருப்பத்தின் பேரில் தங்க வந்தவர் அனுமதி பெற்றவர் மட்டுமே. அனுமதி கொடுத்தவர் அதை நிறுத்தலாம். நிறுத்திய பிறகு அவர் அங்கே இருப்பது சட்டவிரோதமான இருப்பு. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 116 ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒருவருடைய அனுமதியுடன் ஒரு காணிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ வந்தவர், அந்த அனுமதி கொடுக்கப்பட்ட நேரத்தில் கொடுத்தவருக்கு அந்த ஆட்சிக்கு, அதாவது அதைக் கைவசம் வைத்திருப்பதற்கு, உரித்து இருக்கவில்லை என்று பின்னர் சொல்ல விடப்படமாட்டார். ஆகவே "மூன்று மாதம் நிற்கிறேன் மாமி" என்று கேட்டு உள்ளே வந்தவர், அதே வீட்டுக்குள் இருந்துகொண்டு "மாமிக்கு உரித்து இல்லை" என்று வாதாட முடியாது. உரித்தைப் பற்றி அவருக்கு வழக்கு இருந்தால், முதலில் வீட்டை ஒப்படைத்துவிட்டுத் தனியாக வந்து பேச வேண்டும். எனவே உங்கள் வழக்கின் முதுகெலும்பு அவர் அனுமதி கேட்டு வந்தார் என்பதை நிரூபிப்பதுதான். வந்த காலத்தில் அவர் உங்களுக்கோ தாயாருக்கோ அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, "மாமி வீட்டில் நிற்கிறேன்" என்று யாருக்கேனும் எழுதிய ஒரு வரி, எதையும் அழித்துவிடாதீர்கள். அந்தக் கைபேசியையே பத்திரப்படுத்துங்கள். படம் பிடித்த பிரதி மட்டும் போதாது.

அப்பப்பாவின் காணி என்ற வாதத்துக்கு வருவோம். இது உறுதிக் காணியாக, அதாவது உறுதி எழுதிய தனியார் காணியாக இருந்து, தாத்தா உயில் எழுதாமல் இறந்து, பிள்ளைகளுக்குப் பொதுவாக இறங்கியிருந்தால், நான் வேறு பதில் எழுதியிருப்பேன். அப்போது தமையனும், அவருக்குப் பின் அவருடைய மகனும் பங்காளிகள். பங்காளியை விருந்தாளி என்று சொல்லி வெளியேற்ற முடியாது, 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்கு வைத்துக் காணியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பேமிற் காணி அப்படி இறங்குவதில்லை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணிக்குத் தேசவழமையோ (வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டம்) வேறு பின்னுரிமைச் சட்டமோ பொருந்தாது. பேமிற்காரர் பின்னுரித்தாளராக யாரை நியமித்துப் பதிவு செய்தாரோ அவருக்குப் போகும். நியமனம் இல்லையென்றால் அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஒழுங்கின்படி ஒருவருக்குப் போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்துவந்தது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. வன்னியில் எத்தனையோ பெண்பிள்ளைகளை அண்ணன்மாரின் காணியில் நிற்பவர்களாக ஆக்கிவைத்த ஏற்பாடு அது. நீக்க இத்தனை காலம் எடுத்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. உங்கள் தாயாரின் விடயத்தில் பெயர் ஏற்கெனவே மாறியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை வாய்ச்சொல்லாக வைத்திருக்காமல், கண்டாவளைப் பிரதேச செயலகமோ கரைச்சியோ, உங்கள் காணி எந்தப் பிரிவில் வருகிறதோ அந்தச் செயலகத்தின் காணிக் கிளைக்குத் தாயாரை அழைத்துச் சென்று, காணிப் பேரேட்டில் அவருடைய பெயர் எப்போது, எந்த அடிப்படையில் பதியப்பட்டது என்பதற்கு உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். இந்த ஒரு கடதாசி இல்லாமல் வேறு எந்தப் படியிலும் ஏற வேண்டாம்.

பேமிற் மட்டும் வைத்திருப்பவர் உரிமை வழக்குப் போட முடியுமா, அது அரச காணிதானே என்று சிலர் பயமுறுத்துவார்கள். முடியும். 1954 இல் தீர்க்கப்பட்ட பலிசேன எதிர் பெரேரா வழக்கில், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிற் பெற்றவருக்கு, அத்துமீறி இருப்பவரை வெளியேற்றக் கோரும் வழக்கை நடத்தப் போதுமான உரித்து இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வன்னியில் பாதிக்கு மேற்பட்ட என் காணி வழக்குகளில் இந்தத் தீர்ப்பை நான் கையில் எடுத்துப் போகிறேன்.

"பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம்" என்ற பேச்சு இங்கே ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு கேட்பது வெறும் பத்து ஆண்டுகளை அல்ல. உரித்தாளருக்கு எதிரான, இடையூறற்ற, தொடர்ச்சியான பத்து ஆண்டுகளை. அனுமதியுடன் வந்தவரின் இருப்பு உரித்தாளருக்கு எதிரானது அல்ல. அவர் வெளிப்படையாக ஒரு செயலால், இனி உன் பெயரில் நான் இங்கே இல்லை என்று காட்டிய நாளிலிருந்துதான் கணக்கு ஓடத் தொடங்கும். அதற்கும் மேலாக, பேமிற் காணியில் இருப்பதால் மட்டும் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை வராது. உங்கள் விடயத்தில் ஆக இரண்டு ஆண்டுகள்தான். ஆகவே அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் பங்கு இருக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகும் எழுத்தில் ஒரு மறுப்பும் இல்லாமல் காலம் போக விடுவது நல்லதல்ல. (உறுதிக் காணி உள்ளவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு: யுத்தத்தால் தங்கள் காணிக்கு வர முடியாமல் இருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து விலக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது, அது இன்றும் உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் சட்டத்தரணியிடம் திகதிகளுடன் கேளுங்கள்.)

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அவர் மாதாமாதம் காசு ஏதாவது கொடுத்தாரா? அரிசி வாங்கிப் போட்டதும், கரண்ட் பில்லைக் கட்டியதும் வாடகை அல்ல. ஆனால் மாதம் பிறந்ததும் ஒரே தொகையைத் தாயாரின் வங்கிக் கணக்கில் போட்டு, சிட்டையில் "வாடகை" என்று எழுதியிருந்தால், தான் விருந்தாளி அல்ல, வாடகைக்காரர் என்று அவருடைய சட்டத்தரணி எழுந்து நிற்பார். வாடகைக்காரரைப் பாதுகாக்கவென்று 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் எழுந்தது. நகர எல்லைகளுக்குள் அது பெரிய தலையிடியாக இருந்துவந்திருக்கிறது. பேமிற் காணியில் வாடகைப் பேச்சு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அனுமதியில்லாமல் காணியை வாடகைக்கோ குத்தகைக்கோ விடுவது பேமிற் நிபந்தனையை மீறுவதாகி, உங்கள் தாயாருக்கே நோட்டீஸ் வரலாம். ஆகவே இன்றிலிருந்து அவரிடம் ஒரு சதமும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வந்த காசு இருந்தால் அதை மறைக்காமல், எப்போது, எவ்வளவு, எதற்கு என்று எழுதி உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். எதிர்த்தரப்பு வாயால் வருவதைவிட உங்கள் வாயால் வருவது நல்லது.

அவர் வீட்டின் பின்பக்கம் பத்தி இறக்குகிறார், கக்கூஸ் கட்டுகிறார் என்றால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். கட்டியதால் காணியில் உரித்து வராது. ஆனால் தாயார் பார்த்துக்கொண்டிருக்கக் கட்டினேன் என்று சொல்லி நட்டஈடு கேட்பார். அந்தக் கணக்கைத் தீர்க்கும் வரை வழக்கு நீளும்.

ஆட்களை விட்டுச் சாமான்களை வெளியே வைப்பதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, நான் பேசிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு பெரியவர். உரித்தில் ஒரு பழுதும் இல்லை. தங்க வந்த குடும்பம் போகவில்லை என்ற கோபத்தில், ஒரு மார்கழி மாதத்தில், அவர்கள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நான்கு கூரைத் தகரத்தைக் கழற்றினார், மெயின் சுவிட்சை நிறுத்தினார், சாமான்களை முற்றத்தில் வைத்துவிட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். பின்னேரம் மழை வந்தது. நனைந்துபோன பள்ளிக்கூடப் புத்தகங்களை, பெயர் எழுதிய மட்டை மேலே தெரியும்படி, யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். அடுத்த கிழமை அந்தப் படம் சத்தியக்கடதாசியுடன் சேர்ந்து நீதவானின் மேசைக்கு வந்தது. பெரியவரின் உறுதியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் வந்து பூட்டைத் திறந்து அந்தக் குடும்பத்தைத் திரும்ப உள்ளே விட்டார். அதன் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் பெரியவர் வென்றார்தான். ஆனால் அந்த ஒரு பின்னேரம் அவருக்கு ஆண்டுகளைத் தின்றது.

அங்கே நடந்தது 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படியான விசாரணை. எங்கள் சனம் "66 வழக்கு" என்பது அதைத்தான். தனியான ஆரம்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே இதை விசாரிக்கிறது. காணித் தகராற்றால் சமாதானம் குலையலாம் என்று பொலிஸார் அறிக்கை கொடுக்கலாம், அல்லது தரப்பினர் தாங்களே சத்தியக்கடதாசியுடன் போகலாம். இங்கே நீதிமன்றம் பார்ப்பது யார் சொந்தக்காரர் என்பதை அல்ல. அறிக்கை கொடுக்கப்பட்ட நாளில் யார் ஆட்சியில் இருந்தார் என்பதை. அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், 68 ஆம் பிரிவின்படி அவரைத் திரும்ப அமர்த்த உத்தரவிடலாம். இந்த உத்தரவு தற்காலிகமானது. உரித்தை மாவட்ட நீதிமன்றம் தீர்மானிக்கும் வரைதான். இதற்கு அப்பால், சட்ட வழியின்றி ஆட்சி இழந்தவர் ஓர் ஆண்டுக்குள் ஆட்சி மீட்பு வழக்கு வைக்கலாம் என்று ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவும் சொல்கிறது. சொந்தக்காரரே என்றாலும் தன் கையால் வெளியேற்றக் கூடாது என்பதில் சட்டம் இவ்வளவு உறுதியாக நிற்கிறது.

இதே 66 உங்கள் தாயாருக்கும் வாளாக இருக்கும். அவர் வைத்தியசாலைக்குப் போய் வரும் நேரத்தில் அவருடைய மருமகன், அதாவது அந்தத் தமையன் மகன், கதவைப் பூட்டி உள்ளே விட மறுத்தால், அல்லது இன்னும் தாயார் பாவிக்கும் குசினியையும் பறித்துக்கொண்டால், அந்த நாளிலிருந்து இரண்டு மாதம் முடிவதற்குள் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். "உறவுதானே, தைப்பொங்கல் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால் அந்தக் கதவு மூடிவிடும். இந்தக் காரணத்துக்காகவே தாயார் இப்போது வீட்டை விட்டு உங்கள் சித்தி வீட்டுக்கோ வேறெங்கோ போய் இருக்கக் கூடாது என்று சொல்கிறேன். அவர் அங்கே இருப்பதும், அங்கே சமைப்பதும், கிணற்றடியில் அவருடைய வாளி இருப்பதும் சட்டத்தின் கண்ணில் ஆட்சிதான். ஆனால் அவர் அங்கே பயத்துடன் இருக்கிறார் என்றால் வேறு வழி இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

பொலிஸ் நிலையத்தில் போய்ச் சொன்னால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையுடன் பலர் வருகிறார்கள். பொலிஸார் "இது சிவில் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பும்போது அவர்களைக் குறை சொல்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 427 ஆம் பிரிவில், சட்டப்படி உள்ளே வந்து பின்னர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதும் குற்றமுறை அத்துமீறலாகலாம் என்று இருப்பது உண்மை. ஆனால் அச்சுறுத்தும், அவமதிக்கும் அல்லது தொல்லை கொடுக்கும் நோக்கம் இருக்க வேண்டும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, நோட்டீஸ் கொடுக்கப்பட்ட பின்னும் வெளியேறாத ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், 1950 இல், அக்காலத்தில் இலங்கை வழக்குகளுக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம், தங்கியிருப்பதால் தோட்டத்துரைக்குத் தொல்லை வரும் என்று தெரிந்திருந்தது மட்டும் போதாது, தொல்லை கொடுப்பதே முதன்மையான நோக்கமாக இருக்க வேண்டும் என்று தீர்த்தது. போக இடமில்லாமல் இருப்பவர் குற்றவாளி அல்ல என்ற அந்தத் தீர்ப்பு, மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளாகிய எங்களில் பலருக்கு ஆறுதலாகவும் இருக்க வேண்டியது. அதே தீர்ப்புத்தான் இன்று உங்கள் தாயாரின் மருமகனுக்கும் கேடயம். ஆகவே பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டியது வெளியேற்றுவதற்காக அல்ல, பதிவு செய்வதற்காக. எந்த நாளில் வந்தார், என்ன சொல்லி வந்தார், எப்போது போகச் சொன்னோம், என்ன பதில் சொன்னார் என்று அமைதியாக ஒரு முறைப்பாட்டைப் பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வாருங்கள். அடிப்பேன், கொளுத்துவேன் என்று மிரட்டியிருந்தால் அது வேறு; அது குற்றம், அதைச் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது நோட்டீஸ். உங்கள் வழக்கில் முழு எடையும் தங்கப்போவது இந்த ஒரு தாளில்தான், ஆகவே இதைச் சட்டத்தரணியைக் கொண்டு எழுதுவியுங்கள். தாயாரின் பெயரில், தாயாரின் கையொப்பத்துடனோ அவருடைய அறிவுறுத்தலின் பேரிலோ போக வேண்டும், உங்கள் பெயரில் அல்ல. அனுமதி கொடுத்தவர் அவர். இன்ன திகதியில், வாடகை எதுவுமின்றி, தற்காலிகமாகத் தங்க உங்களுக்கு அனுமதி கொடுத்தேன். அந்த அனுமதியை இத்தால் நிறுத்துகிறேன். இன்ன திகதிக்கு முன்னர் நீங்களும் உங்கள் மூலம் இருப்பவர்களும் வெளியேறி, வெறுமையான ஆட்சியை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்தத் திகதியிலிருந்து மாதமொன்றுக்கு இவ்வளவு நட்டஈட்டுடன் வழக்குத் தொடரப்படும். இவ்வளவுதான். குடும்பக் கதை, யார் யாருக்குச் சோறு போட்டது, யார் யாரைப் படிப்பித்தது, எதுவும் வேண்டாம். நியாயமான காலமாக ஒரு மாதம் கொடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை இருப்பதால் தவணை முடியும் வரை கொடுத்தாலும் நட்டமில்லை, நீதிமன்றத்தில் அது உங்கள் பெருந்தன்மையைக் காட்டும். "உங்கள் மூலம் இருப்பவர்களும்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் அவர் போவார், மனைவி இருப்பார். பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் ஏற்பு அட்டையையும் நோட்டீஸின் பிரதியுடன் தைத்து வையுங்கள். ஒரு பிரதியைக் கிராம அலுவலருக்குக் கொடுத்துப் பெற்றதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

இந்த நேரத்தில் தாயாரின் கடதாசிகளை ஒரு கோவையாக்குங்கள். பேமிற்றின் பிரதி, காணிப் பேரேட்டுப் பிரதி, வீட்டுத்திட்டப் பயனாளியாகத் தெரிவான கடிதம், அத்திட்டத்தின் 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வந்து விழுந்த வங்கிப் புத்தகம், மின்சாரப் பட்டியல், குடும்ப அட்டை, வாக்காளர் இடாப்பின் பக்கம். மருமகன் தன் பெயரையும் அதே வீட்டு இலக்கத்தில் வாக்காளராகப் பதிந்திருக்கலாம். பதறாதீர்கள், அது அவர் அங்கே தங்கியிருந்தார் என்பதைக் காட்டும், உரித்தைக் காட்டாது.

நீதிமன்றத்துக்கு முன்னர் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகளை முதலில் அங்கே கொண்டுபோய், இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழுடன்தான் வழக்குப் போடலாம். உங்கள் பிணக்கு அந்த எல்லைக்குள் வருகிறதா இல்லையா என்பதை விட, போய்ப் பார்ப்பது நல்லது என்பதே என் எண்ணம். ஊர்ப் பெரியவர்கள் மூவர் முன்னால், மாமியின் முகத்தைப் பார்த்து, "எனக்குப் பங்கு இருக்கிறது" என்று சொல்லும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை. அங்கே மூன்று மாதத்தில் போகிறேன் என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அனுமதியுடன் இருந்தேன் என்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. புது இடத்துக்கு முற்பணமாக ஒரு தொகை கேட்டால், கொடுக்கக் கூடியது என்றால் கொடுங்கள். வழக்குச் செலவுடன் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன், தோல்வியாக எண்ண வேண்டாம். ஆனால் காசு திறப்பு கையில் வரும் நாளில்தான், முன்கூட்டி அல்ல.

எதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். தாயார் வழக்காளி. அனுமதி நிறுத்தப்பட்டது என்ற பிரகடனம், வெளியேற்றும் கட்டளை, நோட்டீஸ் முடிந்த நாளிலிருந்து நட்டஈடு, இவையே நிவாரணங்கள். தாயாரால் ஒவ்வொரு தவணைக்கும் வர முடியாது என்றால் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்படும் அதிகாரம்) கொடுத்துப் பதிவு செய்யலாம், ஆனால் சாட்சிக் கூண்டில் அவர் ஒரு நாளாவது ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் "நில் என்று சொன்னது நான்தான்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். காலம் எடுக்கும், ஆண்டுக் கணக்கில் எடுக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை. இடையில் சமாதானத்துக்கு வந்தால் அதை வெளியே கைகொடுத்து முடிக்காமல் நீதிமன்றப் பதிவில் தீர்வு நிபந்தனையாக எழுதுவித்துத் தீர்ப்பாணையாக்குங்கள். அப்போது அவர் சொன்ன திகதியில் போகாவிட்டால் புதிதாக வழக்கு வேண்டாம். ஆணையை நிறைவேற்றும்படி கேட்டால் பிஸ்கால் வந்து வெளியேற்றி ஆட்சியை ஒப்படைப்பார். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வெளிநாட்டில் மகள் இருக்கிறார் என்பதற்காகத் தாயார் அங்கே போகத் தயங்க வேண்டியதில்லை, அவர்கள் பார்ப்பது விண்ணப்பிப்பவரின் வருமானத்தை.

பேமிற்றே இல்லாத காணியில் இருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காணிக் கச்சேரி (அரச காணியைப் பெறுவோரைத் தெரிவுசெய்யும் விசாரணை) வைக்காமல், கடதாசி கிடைக்காமல், மீள்குடியேறிய நாளிலிருந்து இருந்துவருபவர்கள் வன்னியில் நிறையப் பேர். அங்கே 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின்படி, தகுதிவாய்ந்த அதிகாரி குறைந்தது 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதவான் நீதிமன்றம் மூலம் இருப்பவரை வெளியேற்றலாம். அந்த விசாரணையில் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதைத் தவிர வேறு வாதத்துக்கு இடமில்லை. விருந்தாளிக்கு எதிராகப் பிரதேச செயலகத்தைக் கிளறிவிட்டால் அந்தச் சட்டம் வீட்டுக்காரரையும் சேர்த்துத் தொடும். முதலில் உங்கள் பேமிற்றுக்கு விண்ணப்பியுங்கள்.

தாயாரின் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரியாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள், ஒரு முறை குடித்துவிட்டு வந்து சட்டியைத் தூக்கி எறிந்து, "கிழவி, உன்னை இந்தக் கிணற்றுக்குள் போட்டுவிடுவேன்" என்று சொன்னதாக. எனக்கு இந்த முழுக் கேள்வியிலும் முக்கியமான வரி அதுதான். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதல்ல. உடன்பிறந்தவரின் பிள்ளையும் அதற்குள் வருகிறார். ஆகவே தமையனின் மகனுக்கு எதிராக மாமி பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உடலுக்கு ஊறு செய்வது மட்டுமல்ல, குற்றமுறையான மிரட்டலும், கடுமையாக அவமானப்படுத்தும் நடத்தை திரும்பத் திரும்ப நடப்பதும் அதில் அடங்கும். நீதவான் நீதிமன்றத்தில் தாயார் நேரே விண்ணப்பிக்கலாம், அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். உடனடி ஆபத்து இருப்பதாகக் கண்டால் முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை வரும். விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை நீளும் கட்டளை வரலாம். தாயார் வசிக்கும் வீட்டுக்குள் அவர் நுழையக் கூடாது என்றுகூட அதில் தடை விதிக்கலாம். ஆனால் இதை வெளியேற்றுவதற்கான குறுக்குவழியாகக் கருதி, நடக்காததை நடந்ததாக எழுதிப் போகாதீர்கள். பொய் என்று ஒரு முறை பட்டுவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் உண்மையும் நம்பப்படாது. நடந்தது நடந்திருந்தால், நோட்டீஸ் முடியும் வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள்.

கடைசியாக, அவர் போகிற நாளைப் பற்றி. பிஸ்காலுடன் போனாலும், தானாகப் போனாலும், கிராம அலுவலரையோ அயலில் இருவரையோ கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறை அறையாகப் பார்த்து, அவருடைய சாமான்கள் எல்லாம் எடுக்கப்பட்டன, வீட்டின் ஆட்சியும் திறப்பும் ஒப்படைக்கப்பட்டன, காணியில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, அவரிடமும் மனைவியிடமும் ஒப்பம் வாங்குங்கள். ஒப்பமிட மறுத்தால் வந்திருப்பவர்கள் சாட்சியாக இடட்டும். மறந்துவிட்டுப் போன ஒரு பெட்டி இருந்தால் அதைக் குப்பையில் போடாமல் படமெடுத்து வைத்து, எடுத்துச் செல்லும்படி கடிதம் அனுப்புங்கள். அன்று பின்னேரமே பூட்டை மாற்றுங்கள், அடுத்த வாக்காளர் பதிவில் அவர்களுடைய பெயர்களை அந்த வீட்டிலிருந்து நீக்கும்படி கிராம அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், தாயாரின் கட்டிலை விறாந்தையிலிருந்து அறைக்குள் கொண்டுபோய்ப் போடுங்கள்.